தீக்காயத்துக்கு ரெடிமேட் ஸ்ப்ளின்ட் வாங்கி ஏமாந்தோம், நீங்கள் ஏமாறாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது தீக்காயம் பட்டு, கையிலோ கழுத்திலோ வேறு இடத்துத் தோலை எடுத்து வைத்திருந்தால், ஸ்ப்ளின்ட் (மூட்டைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் தாங்கி) வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். பணம் போனது கூடப் பரவாயில்லை. அக்காவின் விரல் மடங்கிப்போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பூ கட்டி விற்கிறவர். ஆடி மாதம் வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டி சரிந்து வலது புறங்கை முழுக்க வெந்துவிட்டது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். தோல் நன்றாகவே பிடித்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஸ்ப்ளின்ட், பிசியோ' என்று இரண்டே வார்த்தை. எந்த மாதிரி ஸ்ப்ளின்ட், யாரிடம் போவது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே 'தீக்காயத்துக்குப் பயிற்சி தரப்படும்' என்று போர்டு வைத்த ஒரு தனியார் சென்டர். அங்கிருந்தவர் கட்டைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. "ரைட்டா, லெஃப்டா? மீடியம் போதும்" என்று அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு பெல்ட்டை எடுத்து மாட்டினார். அதற்கு 3,200 ரூபாய். பத்து நாள் பிசியோவுக்கு முன்பணம் 4,500. பில் கேட்டதற்கு "கடைசியில் மொத்தமாத் தர்றேன்" என்றார்.

தினமும் கால் மணி நேரம் ஒரு சூட்டு விளக்கு, கொஞ்ச நேரம் கரண்ட் மெஷின், அவ்வளவுதான் பிசியோ. ஒருநாள் அக்காவே கேட்டுவிட்டார்: "விரலை அசைக்கவே சொல்ல மாட்டேங்கிறீங்களே தம்பி?" "அசைச்சா தோல் பிய்ஞ்சிரும்மா, ஆறட்டும்" என்று பதில். அசைத்தால் வலி உயிர் போகும் என்பதால் அக்காவுக்கும் அந்தப் பதில் நிம்மதியாக இருந்தது. நான்காம் நாள் விளக்குச் சூட்டில் ஒரு கொப்புளம் கிளம்பியது. வைத்த தோலில் உணர்ச்சி சரியாக வந்திருக்காது, சூடு ஏறுவதே நோயாளிக்குத் தெரியாது. இது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நாலு வாரத்தில் கை கொக்கி மாதிரி ஆகிவிட்டது. விரல் அடிமூட்டுகள் பின்பக்கமாக மேலே தூக்கிக்கொண்டன, நடுமூட்டுகள் உள்ளே மடங்கிக்கொண்டன. நார் முடிச்சுப் போட விரல் வளையவில்லை. அப்புறம்தான் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே பெல்ட்டைக் கழற்றிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள், இது மணிக்கட்டு பிசகினால் போடுவது என்று. மணிக்கட்டை மட்டும்தான் அது பிடிக்கும், விரல்கள் அவிழ்த்துவிட்ட மாதிரி கிடக்கும். தீக்காயத் தழும்பு ஆறிய பிறகும் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்குமாம். நோயாளிக்கு எந்த நிலை சுகமாக இருக்கிறதோ, அந்த நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். அதனால்தான் கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைக்கக் கூடாது, அக்குள் வெந்தவர் கையைப் பக்கவாட்டில் 90 டிகிரிக்கு விரித்து வைக்க வேண்டும். புறங்கை என்றால் மணிக்கட்டு கொஞ்சம் மேல்நோக்கி, அடிமூட்டு 70 முதல் 90 டிகிரி மடங்கி, விரல்கள் நேராக நீட்டி, கட்டைவிரல் விலகி இருக்க வேண்டும். பார்த்தால் வாத்து மூக்கு போல இருக்கும்.

அந்த ஸ்ப்ளின்ட்டை எங்கள் கண்ணெதிரேயே செய்தார்கள். அக்காவின் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, பிளாஸ்டிக் தகட்டை அந்த அளவுக்கு வெட்டி, வெந்நீரில் போட்டார்கள். நனைந்த அப்பளம் போல அது துவண்டது. தெரபிஸ்ட் முதலில் தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பிறகுதான் அக்கா கையில் படிய வைத்தார். சில நிமிடத்தில் இறுகியது. தோலில் குத்தாமல் இருக்க ஓரத்தையெல்லாம் வெளிப்பக்கமாக வளைத்துவிட்டார். "வீக்கம் வடிய வடிய அளவு மாறும்மா, வரும்போதெல்லாம் கொண்டாங்க" என்றார். இரவில் போட வேண்டும். பகலில் கழற்றிக் கழற்றி, வலித்தாலும் விரலை மடக்கி நீட்ட வேண்டும்.

தழும்பு தடிக்காமல் இருக்க என்று அந்தத் தனியார் சென்டரில் ஒரு கையுறையும் விற்றார்கள். இரண்டே வாரத்தில் தொளதொளத்துப்போனது. தழும்பை அழுத்திப் பிடிக்கும் உறையை ஒவ்வொரு விரலுக்கும் டேப் வைத்து அளந்து தைக்க வேண்டும். குளிக்கும் நேரம் தவிர நாளைக்கு 23 மணி நேரம், ஒரு வருஷத்துக்கும் மேல் போட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும் என்பதால் புதிது மாற்றியாக வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். "காயம் ஆறிடுச்சுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார். கையில் பில் இல்லாததால் அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை. நீங்கள் முதல் நாளே பில் வாங்கிவிடுங்கள். கட்டைப் பிரித்துக் கையைப் பார்க்காதவரிடம், அளவெடுக்காதவரிடம், விரலைத் தொட்டு அசைக்காதவரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே "எந்த நிலையில் வைக்கணும், எப்போதிலிருந்து அசைக்கலாம்" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று விரல்கள் இப்போது ஓரளவு மடங்கி நிமிர்கின்றன. நேற்று அக்கா அரை முழம் மல்லி கட்டினார். சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. அதற்கு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.