சர்க்கரை நோயுள்ள குழந்தையின் ஸ்நாக்ஸ் டப்பா: எதைவிட எது மேல்?

டைப் 1 சர்க்கரை நோயுள்ள, அதாவது உடம்பு இன்சுலின் சுரக்காததால் வெளியிலிருந்து போட்டாக வேண்டிய, சின்னக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் காலையில் இரண்டு கணக்கு ஓடும். டப்பாவில் வைப்பதில் எத்தனை கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) என்பது ஒன்று. அதில் எவ்வளவு உண்மையில் வயிற்றுக்குள் போகும் என்பது இன்னொன்று. முதல் கணக்குக்குப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. இரண்டாவதை யாரும் எழுதித் தருவதில்லை. ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இன்சுலின் போட்ட பிறகு குழந்தை பாதியைத் தின்றுவிட்டு விளையாட ஓடிவிட்டால், அடுத்த ஒரு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கும். மாவுச்சத்து குறைந்த ஸ்நாக்ஸின் பெரிய லாபமாக நான் நினைப்பது இதைத்தான்: தின்றாலும் தின்னாவிட்டாலும் கணக்கு கவிழாது.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: குழந்தை எந்த முறையில் இன்சுலின் எடுக்கிறது? சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஊசி போடுபவர்களுக்கும், இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இடைவேளை ஸ்நாக்ஸ் கட்டாயமில்லை. பசித்தால் கொடுக்கலாம். சில கிராம் மாவுச்சத்து வரை தனி ஊசி தேவைப்படாமல் போகலாம். அந்த எல்லை எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் குழந்தையின் எடையும், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் காட்டும் கோடும் பார்த்துச் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் மட்டும் கலவை இன்சுலின் போடும் குழந்தையின் நிலைமை வேறு. காலையில் போட்ட மருந்தின் ஒரு பகுதி முற்பகலில் வேகமெடுக்கும். அந்த இடைவேளையில் மாவுச்சத்து உள்ளே போயே ஆக வேண்டும். அங்கே வெறும் முட்டையும் சீஸும் கொடுத்து அனுப்பினால் சர்க்கரை சரியும். இப்படிப்பட்ட குழந்தைக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. மாவுச்சத்து குறைந்த ஸ்நாக்ஸ் வேறு, மாவுச்சத்தைக் குறைத்த உணவுமுறை வேறு. வளரும் பிள்ளைகளுக்கு நாள் முழுவதற்குமான சக்தியில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வரலாம் என்பதுதான் குழந்தைகள் சர்க்கரை நோய்க்கான சர்வதேச அமைப்பான இஸ்பாட் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இடைவேளையில் குறைக்கிறோம் என்பதற்காக மதியச் சாப்பாட்டிலும் கை வைக்க வேண்டாம்.

முட்டையா, சீஸா?

எண்ணிக்கையில் இரண்டும் சமம். ஒரு வேகவைத்த முட்டையில் மாவுச்சத்து அரை கிராம்கூட வருமா என்பது சந்தேகம். புரதம் 6 கிராம். 30 கிராம் சீஸில் மாவுச்சத்து ஒரு கிராமுக்குள். புரதம் 7 கிராம் அளவில். கால்சியத்தில் சீஸ் முந்துகிறது, உப்பும் அதில்தான் அதிகம். காகிதத்தில் பார்த்தால் முட்டையைத்தான் எடுக்கத் தோன்றும்.

வகுப்பறையில் கதை மாறுகிறது. இறுக மூடிய டப்பாவில் மூன்று மணி நேரம் கிடந்த முட்டையின் மூடியைத் திறந்ததும் வரும் வாடை முழு பெஞ்சையும் திரும்பிப் பார்க்க வைக்கும். ஆறு வயதுக் குழந்தை அடுத்த நொடியே மூடிவிடும். ஏற்கெனவே விரலைக் குத்திச் சோதிப்பதாலும், கையில் ஒட்டியிருக்கும் சென்சாராலும் தனியாகத் தெரியும் பிள்ளைக்கு இது இன்னொரு சுமை. சீஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. விரல் நீளத்துக்கு வெட்டி வைத்தால் பேசிக்கொண்டே தின்றுவிடும். என் தீர்ப்பு: பள்ளிக்கு சீஸ், பள்ளி விட்டு வந்ததும் முட்டை.

சீஸ் ஸ்லைஸ் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். சிலவற்றில் ஸ்டார்ச் சேர்த்திருப்பார்கள். முட்டை, சீஸ், தயிர் மூன்றும் குளிர்ச்சியில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கடும் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். வெப்பம் புகாத பையும் உறைய வைத்த ஐஸ் பேக்கும் இல்லையென்றால் இந்தப் போட்டிக்கே இடமில்லை, விதைகள் பக்கம் போய்விடுங்கள்.

கொட்டைகளா, விதைகளா?

30 கிராம் வேர்க்கடலையில் மாவுச்சத்து 5 கிராம் போல இருக்கும், அதிலும் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. பாதாமும் இதை ஒட்டியே வரும். பூசணி விதை இன்னும் கொஞ்சம் குறைவு, புரதம் 8 கிராமுக்கு மேல். எல்லாமே நல்லவைதான். ஆனால் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு முழுக் கொட்டை எதையும் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழலில் சிக்கும் அபாயம் நிஜமானது, சிரித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் தின்னும் இடத்தில் இன்னும் அதிகம். அந்த வயதில் பொடித்துத் தயிரில் தூவலாம், அல்லது சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெயை ஆப்பிள் துண்டின் மேல் மெல்லியதாகத் தடவலாம். வேர்க்கடலைக்கே தடை போட்டிருக்கும் பள்ளிகள் பல. பக்கத்துப் பிள்ளையின் அலர்ஜி நம் பிள்ளையின் சர்க்கரை அளவுக்குக் குறைந்த விஷயமில்லை. அங்கே விதைகள் தானாக வென்றுவிடுகின்றன.

காய்களும் பழங்களும்

வெள்ளரி 100 கிராமில் மாவுச்சத்து 4 கிராமுக்குள். கேரட்டில் 10 கிராம் போல. கேரட் இனிப்பாக இருப்பதால் பயந்து ஒதுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு சின்னக் குழந்தை ஒரு வேளைக்குத் தின்னும் அளவே 40 கிராம்தான். அதில் 4 கிராம் வரும். பயப்பட ஒன்றுமில்லை. மிகச் சின்னக் குழந்தைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல் துருவியோ லேசாக வேகவைத்தோ கொடுங்கள். வெள்ளரியில் நடுவிதைப் பகுதியை வழித்தெடுத்து, துணியால் ஒற்றி, நீளமாக வெட்டி வையுங்கள். விதையோடு வைத்தால் இடைவேளைக்குள் தண்ணீர் விட்டு, கூடவே வைத்த சீஸையும் கொழகொழவென்று ஆக்கிவிடும்.

பழங்களில் வித்தியாசம் பெரியது. 100 கிராமுக்கு ஸ்ட்ராபெரியில் 8 கிராம், ஆப்பிளில் 14, திராட்சையில் 17, 18 வரை, வாழைப்பழத்தில் 23. ஆகவே ஸ்ட்ராபெரி முதலிடம். ஆனால் எப்போதும் கிடைக்காது, சீக்கிரம் நசுங்கும். நான் ஆப்பிளுக்கே கை கொடுப்பேன்: பாதி ஆப்பிள், கூட இரண்டு துண்டு சீஸ். மாவுச்சத்து 10 கிராமை ஒட்டி நிற்கும், சீஸின் கொழுப்பும் புரதமும் சர்க்கரை ஏறும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆப்பிளை வெட்டியதும் லேசான உப்புத் தண்ணீரில் சில நிமிடம் போட்டெடுத்தால் கறுக்காது. கறுத்துப்போனதைக் குழந்தைகள் தொடமாட்டார்கள். திராட்சை வைப்பதென்றால் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நான்காகப் பிளந்து வையுங்கள்.

தயிர் விஷயத்தில் அதிகம் பேசத் தேவையில்லை. வெறும் தயிரில் 100 கிராமுக்கு 4, 5 கிராம். பழச்சுவை சேர்த்து விற்கும் கப்புகளில் சர்க்கரை சேர்ந்து அதைப்போல மூன்று மடங்குவரை போகலாம். வெறும் தயிரில் நாமே பழத்தை நறுக்கிப் போடுவதே மேல்.

மொறுமொறுப்பு கேட்கும் பிள்ளைகளுக்கு

இங்கேதான் ஏமாற்று அதிகம். ‘சுகர் ஃப்ரீ’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பிஸ்கட்டும் மாவால் செய்ததுதான். அந்த மாவு குழந்தையின் உடம்பில் குளுக்கோஸாகத்தான் மாறும். சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் போன்றவற்றைச் சேர்த்திருந்தால் அதிலும் கொஞ்சம் மாவுச்சத்து கணக்கில் வரும், அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கும் சேரும். இத்தனைக்கும் விலை கூட. பயத்தில் இருக்கும் பெற்றோரின் பயத்தை விலைபேசும் பொருள் இது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதற்குச் சாதாரண பிஸ்கட்டில் ஒன்றை எண்ணிக் கொடுத்து, கணக்கில் சேர்த்துக்கொள்வது நேர்மையானது.

எண்ணெய் அதிகமில்லாமல் பொரித்த பாப்கார்ன் ஒரு கோப்பைக்கு 6 கிராம்தான். டப்பா நிறைய இருப்பதுபோல் தெரியும், பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சி. நான்கு வயதுக்குள் மட்டும் வேண்டாம். வேகவைத்த கொண்டைக்கடலை 50 கிராமில் 13, 14 கிராம் வரும். மாவுச்சத்து குறைந்தது என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் நார்ச்சத்தும் புரதமும் இருப்பதால் மெதுவாக ஏறும். பி.டி. பீரியட் இருக்கும் நாளில் சீஸைவிட இதைத்தான் எடுப்பேன். ஓடியாடும்போது சர்க்கரை தானாக இறங்கும், அப்போது ஒரு கிராம் மாவுச்சத்துள்ள ஸ்நாக்ஸ் துணைக்கு வராது.

சேரவே கூடாத இரண்டு டப்பாக்கள்

ஸ்நாக்ஸ் டப்பா வேறு, சர்க்கரை இறங்கினால் கொடுக்கும் டப்பா வேறு. ரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போன குழந்தைக்கு சீஸும் கடலையும் உதவாது. சாக்லேட்கூட வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோதான் சரி. குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.3 கிராம் என்ற கணக்கில், 20 கிலோ குழந்தைக்கு 6 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இந்த டப்பா வேறு நிறத்தில், ஆசிரியரின் கைக்கெட்டும் இடத்தில், பூட்டாமல் இருக்க வேண்டும். ஸ்நாக்ஸ் டப்பாவின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ‘சீஸ், வெள்ளரி. 2 கிராம். ஊசி வேண்டாம்.’ புதிதாக வந்த ஆசிரியருக்கும் இது போதும்.

கடைசியாக, வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டுகிறார்கள் என்றால்? அன்று மாற்றாக வீட்டு டப்பாவை நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 50 கிராம் கேக்கில் மாவுச்சத்து 25 முதல் 30 கிராம். இது கணக்குப் போடக்கூடிய எண்தான். முன்கூட்டியே ஒரு போன் செய்யச் சொல்லி வையுங்கள். மருத்துவர் சொன்ன விகிதத்தில் இன்சுலினைப் போட்டுவிட்டு, பிள்ளையும் எல்லோரோடும் உட்கார்ந்து கேக் சாப்பிடட்டும்.