பெயர்ப்பலகை இல்லாத மெக்கானிக் கடை: பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகளைத் தாண்டி, பழைய டயர் அடுக்கி வைத்திருக்கும் சந்தில் திரும்பினால் நாலாவது ஷட்டர். பலகை கிடையாது. வாசலில் ஒரு பழைய லாரி சீட் போட்டிருக்கும், அதுதான் அடையாளம். நான் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

அல்சூரில் ஷாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுவது என் தொழில். வண்டி 2009 மாடல் பிக்கப். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பாய்ச்சும் காமன் ரயில் கிடையாது, மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் எஞ்சின். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. இத்தனை வருஷம் உழைத்த வண்டி மக்கர் செய்தால் அதற்குக் கம்பெனியைக் குறை சொல்வது நியாயமில்லை.

கோளாறு இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். தினமும் நின்றால்கூடப் பரவாயில்லை. பத்து நாள் ஒழுங்காக ஓடும், பதினோராவது நாள் காலை வாரும். ஒரு முகூர்த்த நாளில் இருநூறு நாற்காலியோடு தொம்மலூர் மேம்பாலத்தில் ஏறும்போது நின்றது. பின்னால் ஹாரன். டிராஃபிக் போலீஸ்காரர் வந்து "இல்லி நில்லிஸபேடி" என்கிறார். நானா நிறுத்தினேன்? பானெட்டைத் திறந்து, டீசல் ஏற்றும் கைப்பம்பை நாற்பது தடவை அமுக்கி, செல்ஃப் அடித்து, எப்படியோ கிளப்பிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு முன்பே வேறொரு பெரிய கேரேஜில் காட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். டீசல் ஃபில்டர் மாற்றினார்கள், நின்றது. பேட்டரி வயரை மாற்றினார்கள், நின்றது. கடைசியில் பம்பையே கழற்றி பெஞ்சில் போட்டு காலிபரேஷன், அதாவது டீசல் அளவு சரியாக விடுகிறதா என்று பார்த்தார்கள். அதற்கு மட்டும் 14,000 ரூபாய். வண்டியை எடுத்த மூன்றாம் நாள் கோரமங்களாவில் நின்றது. அடுத்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பார்க்கலாம் என்றார்கள். நான் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடைக்கு அனுப்பியது எங்கள் தெரு தண்ணி லாரிக்காரர். மெக்கானிக்குக் குடியாத்தம் பக்கம், அறுபதைத் தாண்டியவர். என்னிடம் தமிழ், கடைப் பையனிடம் கன்னடம், டீக்காரரிடம் உருது. போனவுடன் பானெட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. லாரி சீட்டில் உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்டார்.

"நிக்கும்போது எப்படி நிக்குது தம்பி? சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுன்னா, இல்ல மூச்சு வாங்கி மூச்சு வாங்கியா?"

யோசித்துப் பார்த்தேன். மூச்சு வாங்கித்தான். ஆக்ஸிலேட்டர் மிதித்தாலும் இழுக்காது, இரண்டு முறை குலுங்கும், அப்புறம் அடங்கிவிடும். பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டுமாம். பம்பில் டீசலைத் திறந்து மூடும் சாலினாய்டுக்கு வரும் வயர் லூஸாக இருந்தால் அப்படித்தான் நிற்கும். குலுங்கி அடங்கினால் டீசல் போய்ச் சேரவில்லை.

"ராத்திரி எங்க நிறுத்துவீங்க?"

இது என்ன கேள்வி என்றுதான் தோன்றியது. எங்கள் தெரு ஏற்றம், வண்டியின் மூக்கு மேலே பார்த்து நிற்கும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், குளிருக்கு என்று விட்டுவிட்டேன். அவர் தலையாட்டினார். டேங்க்கில் இருந்து வரும் லைனில் எங்கோ காற்று உள்ளே போகிறது, அதனால் ராத்திரியில் டீசல் பின்னால் இறங்கிவிடுகிறது, காலையில் பம்ப் காலியாக இழுக்கிறது என்றார். இதையெல்லாம் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே சொன்னார். அந்தப் பெரிய கேரேஜில் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் போகும் வழியில் டேங்க்கை முழுக்க நிரப்பிக்கொண்டு போயிருந்தேன். டீசல் மட்டம் உயரமாக இருந்தால் பம்ப் சிரமப்பட்டு உறிஞ்ச வேண்டியதில்லை, காற்றும் அவ்வளவாக நுழையாது. மத்தியானம் வரை எஞ்சின் நல்ல பிள்ளையாக ஓடியது. "பாதிக்குக் கீழ இறங்கினதும் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை. எனக்கு அரைநாள் வாடகை போனதில் எரிச்சல்தான்.

ஐந்தாம் நாள் மறுபடி போனேன். முதலில் எஞ்சின் ஓடும்போதே டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்தார். மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருந்தால் திறக்கும்போது புஸ்ஸென்று இழுக்குமாம். சத்தம் இல்லை. அப்புறம், டேங்க்கில் இருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு டிரான்ஸ்பரன்ட் டியூப் மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு என்னையே பார்க்கச் சொன்னார். தேன் நிறத்தில் டீசல் ஓடியது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஜவ்வரிசி மாதிரி ஒரு குமிழி, பின்னாலேயே நாலைந்து, கொஞ்ச நேரத்தில் சோடா பாட்டில் உடைத்த மாதிரி. எஞ்சின் குலுங்க ஆரம்பித்தது.

அடுத்ததாக ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி பானெட் பக்கத்தில் வைத்து, டேங்க்கை விட்டுவிட்டு நேராக அதிலிருந்து உறிஞ்ச வைத்தார். இருபது நிமிஷம் ஓடியும் ஒரு குமிழி இல்லை. பம்ப் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? என் 14,000 ரூபாயை நினைத்துக்கொண்டேன்.

மிச்சம் டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள வழிதான். சேசிஸுக்கு மேலே, இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில், கிளிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பு. நேராகப் பார்த்தால் தெரியாது, வளைத்தால்தான் முடி மாதிரிக் கோடு தெரியும். ஒரு சொட்டு ஈரம் இல்லை. டீசல் ஒழுகியிருந்தால் தூசி அப்பிக் காட்டிக் கொடுத்திருக்கும். இது உறிஞ்சும் பக்கம், அதனால் வெளியே ஒழுகாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். இத்தனை பேர் பார்த்தும் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

டீசலையும் கொஞ்சம் திட்டினார். இந்த வண்டி வந்த காலத்தில் பெங்களூர் டீசலில் கந்தகம் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை இருக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு 10 பிபிஎம்தான். டீசல் மாறும்போது பழைய பம்புகளின் ரப்பர் சீல் சுருங்குவது உண்டு, அதனால் அடுத்த வருஷம் ஃபீட் பம்ப் சீலையும் மாற்றிவிடு என்றார். இப்போதே மாற்றிவிடலாமே என்றேன். "நல்லா இருக்கறதை எதுக்குப் பிரிக்கணும்?" என்றார்.

புது ஹோஸ், நாலு கிளிப், செம்பு வாஷர் எல்லாம் சேர்த்து 380 ரூபாய், கூலி 800. கழற்றிய ஹோஸைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார். மூன்று மாதம் ஆகிறது, ஒரு முறைகூட நிற்கவில்லை. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது.

குறைகளும் உண்டு. ஜி.எஸ்.டி. பில் கேட்டால் முறைக்கிறார். சாயங்காலம் தருகிறேன் என்றால் மறுநாள் சாயங்காலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். என் வண்டி சீட்டில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. புது காமன் ரயில் வண்டிகளைத் தொட மாட்டார், ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குப் போ என்று நேராகவே சொல்லிவிடுகிறார். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் சந்தில் வண்டி திருப்ப இடம் இருக்காது. டேங்க்கை மட்டும் நிரப்பிக்கொண்டு போகாதீர்கள்.