ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை: எங்கள் சனிக்கிழமை வீடியோ கூட்டம், ஒரு அம்மாவின் அனுபவம்

2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் கைப்பேசிதான். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றாம் வகுப்பை முழுக்க வீட்டிலேயே முடித்து, இரண்டாம் வகுப்பில் பாதி ஆண்டு போன பிறகுதான் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் முகத்தை நேரில் பார்த்தார்கள். என் மகள் அந்தச் செட். பாளையங்கோட்டையில் ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. பாடம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது, கல்வித் தொலைக்காட்சியில் வந்தது. சேக்காளி எங்கிருந்து வருவாள்?

அதற்காகத்தான் அந்த வகுப்பின் அம்மாக்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கூட்டம் ஒன்றை ஆரம்பித்தோம். பாடம் கிடையாது, ஒப்பிக்கச் சொல்வது கிடையாது. விளையாட்டு, கதை, பேச்சு, அவ்வளவுதான். பள்ளி திறந்ததும் நின்றுவிடும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலையில் பள்ளிகளை மறுபடி மூடியபோது கைகொடுத்தது, 2023 வெள்ளத்தின்போதும் கைகொடுத்தது. பிள்ளைகள் இப்போது ஆறாம் வகுப்பு. இதை எப்படி நடத்துகிறீர்கள் என்று வேறு ஊர்களில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செயலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் எல்லார் வீட்டிலும் இருந்தது, ஆனால் அப்போது ஒரு வீடியோ அழைப்பில் 8 பேருக்கு மேல் சேர முடியாது. (2020 ஏப்ரல் வரை 4 பேர்தான்.) இன்னொரு சிக்கல், எங்கள் வகுப்பில் இரண்டு அப்பாக்கள் துபாயில் வேலை பார்க்கிறார்கள், அங்கே வாட்ஸ்அப் அழைப்பு போகாது. அதனால் ஜூமுக்குப் போனோம். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் தானாகத் துண்டித்துவிடும். அது பெரிய தொந்தரவாக இருக்கும் என்று பயந்தோம், நடந்தது வேறு. ஆறு வயசுப் பிள்ளை திரை முன்னால் உட்காரக்கூடிய அளவே அந்த 40 நிமிடம்தான். பிற்பாடு கூகுள் மீட்டுக்கு மாறினோம். அதில் 2021 ஜூலையிலிருந்து, மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்த இலவசக் கூட்டத்துக்கு 60 நிமிடம் என்று வரம்பு வைத்தார்கள். அப்படியும் நாங்கள் 40 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று பிள்ளைகள் கெஞ்சும்போதே முடித்துவிட்டால், அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலே வந்து உட்காருவார்கள்.

கணக்கு எல்லாம் பெற்றோர் பெயரில்தான், கைப்பேசியும் அவர்களுடையதுதான். எங்களில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோன போன். ஏழு மணி என்று நேரம் வைத்தது அதனால்தான். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் அண்ணனின் வகுப்பும் அக்காவின் வகுப்பும் போக மிச்சம் இருப்பதுதான் தம்பிக்கு. கேமரா கட்டாயம் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். டேட்டா மட்டும் காரணம் இல்லை. ஒரே அறை உள்ள வீட்டில் பின்னால் யாராவது படுத்திருப்பார்கள், யாராவது சேலை மாற்ற வேண்டியிருக்கும். ஒரு பையன் பல மாதம் எங்களுக்கு வீட்டு மேற்கூரையையும் சுற்றும் ஃபேனையும் மட்டுமே காட்டினான். குரல் மட்டும் வரும். யாரும் அவனை முகம் காட்டச் சொல்லவில்லை. ஒருநாள் அவன் வீட்டுப் பூனை குட்டி போட்டது. அரிசிச் சாக்குக்குப் பின்னால் நாலு குட்டி. அன்றைக்கு அவனாகவே போனைக் கீழே இறக்கினான். முதலில் குட்டிகள் தெரிந்தன, அப்புறம் அவன் முகம் தெரிந்தது. முகம் காட்டாத பிள்ளையைப் பற்றி யாராவது கவலைப்பட்டால் இந்தப் பையனைத்தான் சொல்வேன்.

விளையாட்டுகளில் எது எடுபடும், எது எடுபடாது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். எல்லாரும் சேர்ந்து பாடுவது நடக்கவே நடக்காது. ஒவ்வொருவர் குரலும் ஒரு நொடி, அரை நொடி தள்ளி வந்து சேரும், பாட்டு இரைச்சலாகிவிடும். சேர்ந்து கைதட்டுவதற்கும் அதே கதிதான். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் தொடங்கும் விளையாட்டுகள் அருமையாக வரும்: பாட்டுக்குப் பாட்டு, விடுகதை, பேர் ஊர் பூ காய். எல்லாவற்றையும் விட அதிகம் விளையாடியது ஒத்தையா ரெட்டையா. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு கேமராவிடம் நீட்டுவார்கள், மற்ற பிள்ளைகள் கத்துவார்கள், கையைத் திறந்து எண்ணுவார்கள். செலவே இல்லை, ஆங்கிலம் தெரிய வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சேர்ந்துகொள்ளலாம்.

"வீட்டில் இருந்து ஒரு பொருளை ஓடிப்போய் எடுத்துட்டு வா" என்ற விளையாட்டில் மட்டும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். டெடி பொம்மை கொண்டுவா, கலர் பென்சில் கொண்டுவா என்று சொன்னால் எந்த வீட்டில் எது இல்லை என்பது 40 நிமிடத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஈர்க்குச்சி, தீப்பெட்டி, கரண்டி, காய்ந்த இலை என்று எந்த வீட்டிலும் கிடைப்பதைத்தான் கேட்போம்.

கதை சொல்ல ஆச்சிகள் வந்தது எங்கள் கூட்டத்துக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். ஒரு ஆச்சிக்குக் காது சரியாகக் கேட்காது, பிள்ளைகள் குறுக்கே பேசுவது அவருக்கு எட்டாது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார், பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள். அந்த வயதில் தனியாக அடைந்து கிடந்தவர்களுக்கும் சனிக்கிழமை ஒரு பிடிப்பாக இருந்தது.

இடையில் எங்களில் சிலர் ஒரு கட்டணச் செயலியிலும் பிள்ளைகளைச் சேர்த்தோம். குழந்தைகளின் உணர்வு வளர்ச்சிக்கு என்று சொல்லி விற்றார்கள். தினமும் ஒரு முகப் பொம்மையைத் தேர்ந்தெடுத்து "இன்றைக்கு என் மனநிலை" என்று குறிக்க வேண்டும், குறித்தால் நட்சத்திரம் கிடைக்கும். நட்சத்திரத்துக்காக எல்லா நாளும் சிரித்த முகத்தையே அழுத்தினாள் என் மகள். அழுதுகொண்டே அழுத்திய நாளையும் பார்த்தேன். நிறுத்தலாம் என்றால் பணம் திரும்ப வரவில்லை, எங்கே கேட்பது என்றும் தெரியவில்லை. பிள்ளையின் மனசுக்கு மதிப்பெண் போடும் எதையும் அதற்குப் பிறகு நான் வீட்டில் சேர்ப்பதில்லை.

இனி ஆறுதல் பற்றி. 2021 மே மாதம், இரண்டாம் அலை. எங்கள் குழுவில் ஒரு பையனின் தாத்தா போய்விட்டார். அவர்தான் அவனை வளர்த்தவர். கடைசியாக முகம் பார்க்கவும் முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை அவன் வருவானா என்று எங்களுக்குத் தெரியாது. வந்தான். என்ன பேசுவது என்று பெரியவர்கள் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னவள் கேட்டாள், "உங்க தாத்தாக்கு என்ன மிட்டாய் பிடிக்கும்?" அவன், "தேன் மிட்டாய்" என்றான். அடுத்து ஒருத்தன், "எங்க தாத்தாக்குச் சுவீட்டே ஆகாது, சுகரு" என்றான். பத்து நிமிடம் தாத்தாக்களைப் பற்றியே பேச்சு ஓடியது. எங்களால் முடியாததை அந்தக் கேள்வி செய்தது.

எங்களுக்குத் தெரிந்த உளவியல் ஆலோசகர் ஒருவரைப் பிறகு பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தோம். அவர் சொன்னதில் மனசில் நின்றது இதுதான்: மற்றவர்கள் முன்னால், திரையில் வைத்து, "ஏன் டல்லா இருக்கே, என்ன ஆச்சு, சொல்லு" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள், காகிதக் கப்பல் மடிக்கட்டும், படம் வரையட்டும், பேச்சு தானாக வரும். சின்னப் பிள்ளைகள் மனக்கஷ்டத்தை வாயால் சொல்வது அபூர்வம், உடம்பால்தான் சொல்வார்கள் என்றும் சொன்னார். காரணம் தெரியாத வயிற்றுவலி, தூக்கத்தில் பதறி எழுவது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வருவது, பிடித்த சாப்பாட்டைக்கூடத் தள்ளிவிடுவது. இதெல்லாம் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரிடம் போகச் சொன்னார்.

பிள்ளைகளுக்காக ஆரம்பித்ததில் தாய்மார் கூட்டம் தனியாகப் பிறந்தது. மாதம் ஒருமுறை, பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒன்பதரை மணிக்கு, குரல் மட்டும். இதைச் செய்யாமல் பிள்ளைகள் கூட்டம் மட்டும் நடத்தியிருந்தால் ஓராண்டு தாண்டியிருக்காது என்று நிச்சயமாகச் சொல்வேன். வேலை போன வீட்டுக்காரர், அடகுக்குப் போன நகை, மாமியாரோடு ஒரே அறையில் முழு நாள் என்று எல்லாம் அங்கே கொட்டுவார்கள். தகவலும் அங்கேதான் கைமாறும். கொரோனாவில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 லட்சம், இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தபோது, எங்கள் தெருப்பக்கம் ஒரு குடும்பத்துக்கு அது தெரியவே தெரியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கூடவே போனார். "மைனி, நீங்க சும்மா வாங்க, நான் பேசிக்கிடுதேன்" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் புகுந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. சிக்னல் திரும்பி வந்த பிறகு, சனிக்கிழமைக்குக் காத்திராமல் குரல் அழைப்பில் பிள்ளைகளைச் சேர்த்தோம். வெள்ளத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் எங்களுக்குள் பேசிவைத்திருந்தோம். பேர் ஊர் பூ காய் ஆரம்பித்தது. எழுத்து "வ".

"பேர்?"

"வள்ளி."

"ஊர்?"

"வண்ணார்பேட்டை. எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு."

அடுத்த குரல்: "எங்க வீட்லயும் வந்துட்டு. ஆச்சியக் கட்டில்ல ஏத்தி வச்சோம். கட்டிலும் ஆடிச்சு."

அதோடு விளையாட்டு போயிற்று. ஒருத்தி தன் நோட்டு எல்லாம் கரைந்துபோனதைச் சொன்னாள். இன்னொருவன் அப்பா ராத்திரி முழுக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னான். தண்ணீர் வராத வீட்டுப் பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் யாரும் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை, சொல்ல இடமும் இல்லை. கடைசியில் நோட்டு போனவளுக்கு யார் எந்தப் பாடத்தை எழுதித் தருவது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள்.

உதவி எண்களையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம். 14416 டெலி மானஸ், மனநலத்துக்கான அரசு உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். என் நாத்தனார் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தபோது நான்தான் அழைத்தேன். பேசியவர் அவசரப்படவில்லை. முதலில் என்னிடம் பேசினார், பிறகு, பையன் ஒப்புக்கொண்டால் மட்டும் கொடுங்கள் என்றார். இரவு ஒரு மணிக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று பட்டவர்களுக்குத் தெரியும். இரண்டாம் முறை அழைத்தபோது வேறொருவர் எடுத்தார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே முதல் பிடிமானமாக அதை நம்பலாம். தொடர்ந்து பார்க்க ஒரே மருத்துவரோ ஆலோசகரோ வேண்டும். பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து, அடி, தொல்லை என்றால் 1098. பள்ளி சம்பந்தமான கேள்வி, புகாருக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417.

குறையைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களில் சிலர் திரைக்கு வரவே இல்லை. போன் இல்லாத வீடு, ரீசார்ஜ் முடிந்த வீடு, அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்ட பிள்ளை. 2021 அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி, தெருவிலேயே தன்னார்வலர் அக்கா சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்தபோது, அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரை அங்கேதான் பார்த்தேன். எங்கள் கூட்டம் எட்டாத இடத்துக்கு அது எட்டியது. ஒருவர் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் நேரில் கூட வழி இருந்தால், தயவுசெய்து அதைச் செய்யுங்கள். வீடியோ அதற்கு அடுத்ததுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் நாங்கள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. எப்போதும் இரண்டு பெரியவர்கள் கூட்டத்தில் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அழைப்பில் இருக்கக் கூடாது, அது யாராக இருந்தாலும் சரி. பதிவு செய்யக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. இணைப்பை வகுப்புக் குழுவுக்கு வெளியே அனுப்பக் கூடாது, தெரியாத பெயர் கதவைத் தட்டினால் உள்ளே விடக் கூடாது.

ஐந்தாம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரிந்துவிட்டார்கள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கூட்டம், என்ன விளையாட்டு என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள், எங்களைப் பேச விடுவதில்லை. மகளிர் பள்ளிக்குப் போனவர்களும் பையன்களும் பழையபடி சண்டை போட்டுக்கொள்ள இந்த ஒரு இடம்தான் இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் ஒரு கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அதற்கு மேல் போனால் அமைதியான பிள்ளைக்குப் பேச முறை வராது. வகுப்பு பெரிதென்றால் இரண்டாகப் பிரித்து, வேறு வேறு நாளில் வையுங்கள்.