பழைய எஸ்யூவிக்கு எந்த ஸ்கேனர்? கியர்பாக்ஸ் வரை படிக்கும் கைக்கருவி பற்றிய மதிப்புரை

பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் வாங்கும், வண்டியின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர்களில் பொதுவாக இரண்டு வகை உண்டு. வண்டியின் சாக்கெட்டில் செருகியதும் புளூடூத் வழியாகக் கைபேசிச் செயலியோடு பேசும் சிறிய அடாப்டர் முதல் வகை. தனித் திரையும் கேபிளும் கொண்டு, எஞ்சினோடு நின்றுவிடாமல் டிரான்ஸ்மிஷன், ஏபிஎஸ், ஏர்பேக் ஆகியவற்றின் மாட்யூல்களையும் (கட்டுப்பாட்டுக் கணினிகளையும்) தனித்தனியே படிக்கும் கைக்கருவி இரண்டாவது வகை. 2000-க்குப் பின் வந்த, வி6 பெட்ரோல் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கொண்ட என் எஸ்யூவியில் இரண்டையும் ஒரே கோளாறுகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பழைய வண்டிக்கு இரண்டாவது வகைதான் வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு முதன்மையான காரணம் பி0700 என்னும் குறியீடு.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி ஒரே கியரில் சிக்கிக்கொண்டு இழுவையற்றுப் போகும்போது, அடாப்டரைச் செருகினால் கைபேசியில் பெரும்பாலும் இந்தக் குறியீடு மட்டுமே தெரியும். செயலி அதை ‘டிரான்ஸ்மிஷன் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு’ என்று விளக்கும். உண்மையில் பி0700 எந்தப் பாகத்தையும் சுட்டுவதில்லை. டிரான்ஸ்மிஷன் மாட்யூல் தனக்குள் ஒரு கோளாறைப் பதிவு செய்துகொண்டு, விளக்கை எரியவிடும்படி எஞ்சின் மாட்யூலைக் கேட்டுக்கொண்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அசல் குறியீடு டிரான்ஸ்மிஷன் மாட்யூலில்தான் இருக்கிறது. கைக்கருவியில் அந்த மாட்யூலைத் திறந்தால், உள்ளீட்டு வேக சென்சாருக்கான பி0715, கியர் விகிதம் பொருந்தவில்லை என்னும் பி0730, கியர் மாற்றும் மின்வால்வான ஷிப்ட் சொலினாய்டுக்குரிய பி0750, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் டார்க் கன்வர்ட்டர் கிளட்ச் பிடிக்கவில்லை என்னும் பி0741 ஆகியவற்றில் எது என்று தெரிந்துவிடும். சென்சாரையோ அதன் ஒயரையோ மாற்றி முடிக்கும் வேலைக்கும் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கும் வேலைக்கும் இடையிலான வேறுபாடு அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைப் பார்க்காமலேயே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்பவர்களிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டி பழையது என்பதால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்து கார்களுக்கும் இலகு டிரக்குகளுக்கும் ஓபிடி-2 கட்டாயமாகி, 16 முனைகள் கொண்ட ஒரே வடிவச் சாக்கெட் எங்கும் வந்துவிட்டாலும், அதன் வழியே வண்டியும் கருவியும் பேசும் நெறிமுறை, அதாவது மொழி, ஒன்றாக இருக்கவில்லை. ஜே1850-இல் இரண்டு வகை, ஐஎஸ்ஓ 9141, கேடபிள்யூபி 2000, கேன் என்று அவை பிரிந்து கிடந்தன. எல்லா வண்டிகளுக்கும் கேன் என்ற நிலை அந்நாட்டில் 2008 மாடல் ஆண்டில்தான் வந்தது. மலிவான அடாப்டர்களில் பலவற்றின் உள்ளே இருப்பது, இந்த நெறிமுறைகளை மொழிபெயர்த்துத் தரும் இஎல்எம் 327 சிப்பின் நகல். இந்த நகல்களில் சில, புதிய வண்டிகளோடு தடையின்றிப் பேசினாலும், ஜே1850 போன்ற பழைய நெறிமுறைகளுக்கு வந்ததும் இணைப்பே கிடைக்காமல் நின்றுவிடுகின்றன. நண்பரின் புதிய காரில் வேலை செய்தது என்பதை நம்பி வாங்கிவிடக் கூடாது. கைக்கருவி இந்த வகையில் எனக்குச் சிக்கல் தரவில்லை. ஆனால் பழைய நெறிமுறைகளின் வேகம் குறைவு என்பதை எந்தக் கருவியாலும் மாற்ற முடியாது. கேன் பொதுவாக நொடிக்கு 5,00,000 பிட் வேகத்தில் பேசும் இடத்தில், ஐஎஸ்ஓ 9141 நொடிக்கு ஏறத்தாழ 10,400 பிட் வேகத்தில்தான் பேசுகிறது. ஆகவே திரையில் முப்பது அளவுகளை ஒருசேரத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் தாமதமாகவே புதுப்பிக்கப்படும். தேவையான நான்கைந்தை மட்டும் தேர்ந்துகொண்டால் வரைபடம் பயனுள்ளதாக இருக்கும்.

நேரலை அளவுகளைப் படிப்பதில்தான் இந்தக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்கிறது. சீரான வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி செல்லும்போது, கரடுமுரடான சாலையில் ஓடுவது போன்ற ஒரு நடுக்கம் பழைய ஆட்டோமேட்டிக் எஸ்யூவிகளில் அடிக்கடி வரும். சிலிண்டர் ஒன்றில் எரிபொருள் சரியாகப் பற்றாத மிஸ்பயரும் அப்படித்தான் உணரப்படும். டார்க் கன்வர்ட்டர் கிளட்ச் பிடிக்கும்போது வழுக்கினாலும் அப்படித்தான் உணரப்படும். இருக்கையில் அமர்ந்தபடி இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள மெக்கானிக்குக்கே கடினம். கைக்கருவியில் எஞ்சினின் சுழற்சி வேகம், கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் வேகம், கன்வர்ட்டர் கிளட்சுக்கு இடப்பட்ட கட்டளை, ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்பயர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் திறந்து வைத்தால் விடை கண்ணெதிரே வந்து நிற்கும். கிளட்ச் முழுமையாகப் பிடித்துவிட்ட நிலையில் முதலிரண்டு வேகங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கட்டளை கொடுக்கப்பட்டும் அவற்றிடையே இடைவெளி நீடித்தால் அல்லது ஏறி இறங்கினால் கோளாறு கன்வர்ட்டர் பக்கம் இருக்கிறது. இரு வேகங்களும் ஒன்றாகவே இருந்து, ஏதோ ஒரு சிலிண்டரின் எண்ணிக்கை மட்டும் ஏறினால் கோளாறு எஞ்சினில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக மூன்றாம் சிலிண்டருக்கான பி0303 வந்தால், அதன் இக்னிஷன் காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி, குறியீடும் அதோடு இடம் மாறுகிறதா என்று பார்ப்பது செலவே இல்லாத சோதனை. ஓடும் வண்டியில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் திரையைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்வது உயிருக்கு ஆபத்து. எச்சரிக்கை விளக்கு எரிவதோடு நில்லாமல் விட்டுவிட்டு மின்னினால், மிஸ்பயர், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையே கெடுக்கும் அளவுக்கு முற்றியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சோதனை ஓட்டமே கூடாது.

எஞ்சின் குறியீடுகளைப் பொறுத்தவரை இரண்டு வகைக் கருவிகளும் ஏறத்தாழ சமம். எரிபொருள் கலவை மெலிந்துவிட்டது என்னும் பி0171, பி0174 இரண்டும் ஒருசேர வந்தால், வி6 எஞ்சினின் இரு பக்கங்களுக்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும். காற்று உறிஞ்சும் பாதையில் கசிவு, அழுக்கேறிய காற்றோட்ட சென்சார், குறைந்த எரிபொருள் அழுத்தம் ஆகியவை முதலில் வரும். இவற்றுள் எது என்பதை எரிபொருள் டிரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய எஞ்சின் மாட்யூல் எரிபொருளைக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு, காட்டிக்கொடுக்கும். ஐடிலிங்கில் உயர்ந்திருக்கும் டிரிம், எஞ்சின் வேகத்தைக் கூட்டியதும் இயல்புக்குத் திரும்பினால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். வேகத்தோடும் சுமையோடும் சேர்ந்து ஏறினால் எரிபொருள் பம்ப், பில்டர், காற்றோட்ட சென்சார் ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். கைபேசிச் செயலியின் பெரிய திரையில் இந்த வரைபடங்கள் கைக்கருவியின் சிறிய திரையைவிடத் தெளிவாக இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறைகளும் உண்டு. குறியீட்டைத் தட்டினால் ‘சாத்தியமான காரணங்கள்’ என்று கைக்கருவி காட்டும் பட்டியல் எல்லா வண்டிகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்தது என்னும் பி0420 வந்தால் அதை மாற்றச் சொல்லும் பட்டியல், எக்ஸாஸ்ட் கசிவையும் தீராத மிஸ்பயரையும் முதலில் சரிபார்க்கும்படி சொல்வதில்லை. அழிக்கும் பொத்தானை அழுத்துமுன் கேட்கப்படும் ஒற்றைக் கேள்வியும் போதாது. அழிக்கும்போது குறியீட்டோடு ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடுகிறது. கோளாறு பதிவான நொடியில் இருந்த வேகம், எஞ்சின் சுமை, கூலண்ட் வெப்பநிலை ஆகியவற்றைத் தாங்கிய அந்தப் பதிவு, விட்டுவிட்டு வரும் கோளாறுகளுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சியாகப் பல நேரம் அமைகிறது. சில நாடுகளின் புகைச் சோதனைக்குத் தேவையான, வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்ததைக் காட்டும் தயார்நிலைப் பதிவுகளும் அதோடு சேர்ந்து அழிந்து, மீண்டும் நிறைவடையச் சில நாள் ஓட்டம் பிடிக்கும். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் யாரும் அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம்.

கருவி காட்டுவதை நம்புமுன் பேட்டரியைச் சோதிப்பது அவசியம். பழைய வண்டிகளில் மின்னழுத்தம் சரியும்போது மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல், டிரான்ஸ்மிஷன் மாட்யூலோடு தொடர்பு அறுந்தது என்னும் யு0101 போன்ற குறியீடுகளைப் பதிவுசெய்யும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆல்டர்னேட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். இல்லையென்றால், பேட்டரி முனைகளையும் எர்த் ஒயர்களையும் சரிசெய்து, குறியீடுகளைக் குறித்துக்கொண்டு அழித்து, எவை திரும்பி வருகின்றன என்று பார்ப்பதே முறை. சாக்கெட்டின் 16-ஆம் முனையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், அடாப்டரைச் செருகியபடியே வண்டியை நீண்ட நாள் நிறுத்தி வைத்தால் அதுவே பேட்டரியை இறக்கிவிடும்.

வாங்குபவர்கள் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘எல்லா வண்டிகளுக்கும்’ என்ற வாசகத்தைப் பொருட்படுத்தாமல், தங்கள் வண்டியின் மாடலும் ஆண்டும் எஞ்சினும் தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றனவா என்றும், அங்கே டிரான்ஸ்மிஷனுக்கு எதிரே குறியீடு படித்தல் மட்டும் உள்ளதா, நேரலை அளவுகளும் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். முடிந்தால் வாங்குமுன் சொந்த வண்டியிலேயே செருகி, டிரான்ஸ்மிஷன் ஆயிலின் வெப்பநிலையைத் திரையில் வரவழைத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக் (ஆயில் அளவுக் குச்சி) இல்லாத கியர்பாக்ஸ்களில் ஆயில் அளவைக் குறிப்பிட்ட வெப்பநிலை வரம்புக்குள்தான் சோதிக்க முடியும். அந்த எண்ணைக் காட்டாத கருவி வேறு எத்தனை வசதிகளைத் தந்தாலும், ஆட்டோமேட்டிக் எஸ்யூவிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.