பத்து லிட்டர் கிரைண்டர் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் எடுக்கிறது?

எங்கள் சிற்றுண்டிக் கடைக்கு, சாய்த்து ஊற்றும் வகையிலான பத்து லிட்டர் கிரைண்டர் வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. மாவைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி. உளுந்து நன்றாகப் பொங்கி வருகிறது; அரிசி மாவும் அதிகம் சூடேறாததால் மாலை வரை புளிப்பு ஏறாமல் நிற்கிறது. சாய்க்கும்போது விளிம்போரம் வழியும் மாவு பெல்ட் மூடியில் காய்ந்து ஒட்டிக்கொள்வது மட்டுமே குறை.

நான் விரிவாக எழுத விரும்புவது மின்செலவைப் பற்றி. விற்றவர், "1 ஹெச்.பி. மோட்டார்தான், மணிக்கு முக்கால் யூனிட் ஆகும்" என்றார். 1 ஹெச்.பி. என்பது 746 வாட் என்பதால் கணக்கு சரிபோலத் தோன்றும். ஆனால் அந்த 746 வாட், மோட்டார் தன் அச்சில் தரும் திறன். அதைத் தருவதற்கு மின்சாரத்தை அதைவிடக் கூடுதலாகவே இழுக்க வேண்டும், ஏனெனில் ஒரு பகுதி சூடாகவே வீணாகிறது.

உண்மையை அறிய மீட்டரே போதும். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு, அதாவது சிவப்பு விளக்கின் 3200 மினுக்கல், என்று அச்சிடப்பட்டிருக்கிறது. விடியற்காலையில் ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிரைண்டரை மட்டும் ஓடவிட்டு, சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணினேன். அரிசி ஆட்டும்போது 54, உளுந்துக்கு 44, கழுவுவதற்காக வெறும் தண்ணீரோடு சுற்றும்போது 24. இந்த எண்ணை 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுத்தால் கிலோவாட், அதாவது மணிக்கு எத்தனை யூனிட் என்பது, கிடைத்துவிடும்: முறையே ஏறத்தாழ 1.01, 0.83, 0.45.

நாள்தோறும் அரிசி இரண்டு ஈடு, 80 நிமிடம். உளுந்து இரண்டு ஈடு, 70 நிமிடம். கழுவ 15 நிமிடம். மொத்தம் 2.4 யூனிட் ஆகிறது. கணக்குக்கு எளிதாக யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தால், நாளைக்கு 24 ரூபாய், மாதத்துக்கு 720 ரூபாய். விற்றவர் சொன்ன கணக்கில் இது 620 ரூபாய்க்குள் அடங்கியிருக்கும். வணிக இணைப்புக்கு நிலைக்கட்டணம் கிலோவாட் அடிப்படையில் வருவதால், புதிய இயந்திரம் இறக்குவதற்கு முன் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது ஊறவைக்கும் நேரம். ஒருநாள் ஆள் தாமதமாக வந்ததால் அரிசி ஒன்றரை மணி நேரம்தான் ஊறியிருந்தது; 40 நிமிடத்தில் முடியும் ஈடு 55 நிமிடம் இழுத்தது. இரண்டு ஈடுக்குமாக அரை யூனிட் கூடுதல். தினமும் இப்படியே நடந்தால் மாதம் 150 ரூபாய், அதாவது மோட்டார் கணக்கில் வந்த வித்தியாசத்தைவிட அதிகம். அதன்பிறகு அரிசியை நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைப்பதைக் கண்டிப்பாக்கிவிட்டேன். பெல்ட் தளர்ந்தாலும் இதே கதைதான்: கல் மெதுவாகச் சுற்றும், நேரம் நீளும், மின்சாரமும் கூடவே போகும்.

தினம் எட்டுப் பத்துக் கிலோ அரிசி ஆட்டும் கடைக்கு இந்தக் கிரைண்டரைத் தயங்காமல் வாங்கலாம். மூன்று நான்கு கிலோவோடு நிற்கும் மெஸ்ஸுக்கு இது வேண்டாம். மாவே இல்லாமல் கல்லைச் சுழற்றுவதற்கே 0.45 கிலோவாட் போகிறது என்பதால், ஐந்து லிட்டர் கிரைண்டரே அவர்களுக்குப் பொருத்தம்.