டெல்டாப் பதிப்பும் அதன் ‘கூறப்படுகிறது’களும்

மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் பாசனத்தின் கடைக்கோடியில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே காலை ஆறு மணிக்குள் வந்து சேரும் ஒரு நாளிதழின் டெல்டாப் பதிப்பை ஐந்து ஆண்டுகளாகச் சந்தா கட்டி வாங்கி வருகிறேன். அச்சும் தாளும் நன்று. அடைமழை நாளிலும் பேப்பர் நனையாமல் திண்ணைக்கு வந்துவிடுகிறது. குறை முழுவதும் அதன் வினைமுற்றுகளில் இருக்கிறது.

டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்க ஜூன் 12 என்று தேதி இருந்தாலும், 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் ஜூலை 28 வரை காக்க வைத்தார்கள். ஆகவே நாற்று விடுவதா, நேரடி விதைப்புக்குப் போவதா, குறுகிய காலக் குறுவைப் பயிரையே விட்டுவிட்டு அடுத்து வரும் சம்பாப் பருவத்துக்குக் காத்திருப்பதா என்று முடிவெடுக்க நாங்கள் விரிப்பது இந்தப் பேப்பரைத்தான். ஒரு நாள், ‘கல்லணையில் திறக்கப்பட்ட தண்ணீர் கடைமடையைச் சென்றடைந்துள்ளதாகக் கூறப்படுகிறது’ என்று செய்தி வந்திருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் தலைப்புக்குப் போனேன். மதகுப் பலகையில் ஈரம்கூட இல்லை. வாய்க்காலுக்குள் நத்தை ஓடுகளும் ஆட்டுப் புழுக்கையும் கிடந்தன.

தண்ணீர் வந்ததா இல்லையா என்பது போய்ப் பார்த்தால் தெரியும் விஷயம். அதற்கு எதற்கு இந்தச் செயப்பாட்டு வினை? கூறியவர் நீர்வளத்துறைப் பொறியாளரா, ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரா, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரா? டீக்கடையில் ஒருவர் ‘தண்ணி வந்துடுச்சாம்’ என்றால், ‘யாருப்பா சொன்னா?’ என்று அடுத்த நொடியே கேட்டுவிடலாம். சொன்னவரும் பதில் சொல்லியாக வேண்டும். அச்சில் வரும் ‘கூறப்படுகிறது’ அந்தக் கேள்விக்கே இடம் தராமல் நழுவிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், தயக்கச் சொல் அவசியமான இடத்தில் இதே நாளிதழ் அதை உதறிவிடுகிறது. ‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது’ என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்தால் அது மழுப்பல் அன்று, அளவு. ஓரிரு இடங்கள் என்பது மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதது. கனமழை என்பது 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர். தலைப்பிலோ ‘டெல்டாவை மிரட்ட வருகிறது கனமழை’ என்று மட்டும் நிற்கிறது. தை மாதத்தில் அப்படியொரு தலைப்பைப் பார்த்துவிட்டு, இன்னும் நான்கு நாள் நின்றிருக்க வேண்டிய சம்பாவை எங்கள் அடுத்த வயல்காரர் அவசரமாக மிஷின் விட்டு அறுத்தார். மழை வேதாரண்யம் பக்கம் பெய்துவிட்டு ஓய்ந்தது. அவருடைய நெல் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டியதால் கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடந்தது. குற்றச் செய்திகளிலும் இதே கதைதான்: கைதான அன்றே ஒருவரைக் ‘கொலையாளி’ ஆக்கிவிடுகிறார்கள், ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுத இடம் போதவில்லை போலும்.

எழுதத் தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. சென்ற ஆண்டு ஐப்பசியில் ஆற்றங்கரை உடைந்தபோது வந்த செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன். கரையைப் பலப்படுத்தாததே காரணம் என்று விவசாயிகள் சொல்வதையும், எலி வளைகளே காரணம் என்று உதவிப் பொறியாளர் சொல்வதையும் தனித்தனியே கொடுத்து, ‘நமது செய்தியாளர் சென்று பார்த்தபோது உடைப்பு சுமார் 20 அடி அகலம் இருந்தது’ என்று முடித்திருந்தார்கள். அந்தச் ‘சுமார்’ எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணால் அளந்ததைக் கண்ணால் அளந்ததாகவே சொல்லும் சொல் அது. அதை எழுதியவர் எங்கள் வாய்க்கால் பக்கமும் ஒருமுறை வந்திருக்கலாம்.

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருகிறேன். அரை மதிப்பெண் அந்தச் ‘சுமாரு’க்கு. ஆண்டுச் சந்தாவை நிறுத்திவிட்டு, இம்முறை ஆறு மாதத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறேன். சம்பா அறுவடை வரைக்கும் வரும்.