டெஸ்லாவா, அயோனிட்டியா, ஃபாஸ்ட்நெட்டா? ஐரோப்பிய நெடும்பயணத்தில் எங்கே சார்ஜ் போடுவது

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பாரிஸுக்கோ மிலானுக்கோ மின்சாரக் காரில் கிளம்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் காரின் பேட்டரி 400 வோல்ட் வகையா 800 வோல்ட் வகையா என்பது. டெஸ்லா, அயோனிட்டி, ஃபாஸ்ட்நெட் போன்ற சார்ஜிங் நெட்வொர்க்குகளில் எங்கே நிற்பது, எதற்குச் சந்தா கட்டுவது என்பதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய், ஃபோக்ஸ்வாகன் ஐடி.4, எம்ஜி 4, போல்ஸ்டார் 2 எல்லாம் 400 வோல்ட். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6, போர்ஷே டைகான் ஆகியவை 800 வோல்ட். ஷோரூமில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அங்கே பேச்சு முழுக்க ரேஞ்ச் பற்றித்தான்.

டெஸ்லாவின் அதிவேக சார்ஜிங் நெட்வொர்க்கான சூப்பர்சார்ஜர் 2013-இல் நார்வேயில் தொடங்கி ஐரோப்பாவுக்குள் வந்தது. 2021 நவம்பரில் நெதர்லாந்தில் 10 நிலையங்களை மற்ற கம்பெனி கார்களுக்கும் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நாடாகக் கதவு திறந்தது. எல்லா நிலையமும் எல்லாருக்கும் என்று இன்னும் ஆகவில்லை. உங்களுக்கு எது திறந்திருக்கிறது என்பதை டெஸ்லா ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். இதன் பெரிய பலம் எண்ணிக்கை. ஒரே இடத்தில் பத்து, இருபது சார்ஜ் தூண்கள் என்று வரிசையாக நிற்கும். ஒன்று வேலை செய்யாவிட்டால் பக்கத்துக்கு நகரலாம். ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை மதியம், பிள்ளைகள் பின்சீட்டில் பொறுமை இழந்துகொண்டிருக்கும்போது, இதன் அருமை தெரியும். டெஸ்லா கார் வைத்திருப்பவருக்கு ஆப்பைத் தொடக்கூட வேண்டாம். பிளக்கைச் செருகினால் பணம் தானாகப் போய்விடும்.

மற்ற கார்களுக்கு இரண்டு சிக்கல்கள். முதலாவது கேபிள். டெஸ்லாவின் சார்ஜ் வாய் பின்பக்கம் இடது ஓரத்தில் இருக்கிறது. வி2, வி3 எனப்படும் முந்தைய தலைமுறைத் தூண்களின் கேபிளை அந்த இடத்துக்கு எட்டும் அளவுக்குத்தான் வெட்டியிருக்கிறார்கள். ஐடி.4-க்கோ ஐயோனிக் 5-க்கோ வாய் பின்பக்கம் வலது ஓரத்தில். ரிவர்ஸில் போய் உங்கள் கட்டத்துக்குள் ஒழுங்காக நிறுத்தினால், உங்கள் தூணின் கேபிள் காரின் இடது பக்கமே நின்றுவிடும். வலது பக்கத்துக்கு எட்டுவது அடுத்த கட்டத்தின் கேபிள். அதை எடுத்தால் அடுத்து வரும் டெஸ்லாக்காரருக்குக் கட்டம் காலியாக இருக்கும், கேபிள் இருக்காது. அவர் உங்களைப் பார்க்கும் பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை. எம்ஜி 4-க்கும் போல்ஸ்டார் 2-க்கும் வாய் டெஸ்லா போலவே பின் இடது என்பதால் இந்தச் சங்கடம் இல்லை. புதிய வி4 தூண்களில் கேபிள் நீளம்.

இரண்டாவது சிக்கல் வோல்டேஜ். வி3 சூப்பர்சார்ஜர் 250 கிலோவாட் கொடுக்கும், ஆனால் 500 வோல்ட்டைத் தாண்டாது. 800 வோல்ட் கார் அதைத் தனக்குள்ளேயே உயர்த்திக்கொள்ள வேண்டும். ஐயோனிக் 5 தன் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் வைத்தே அந்த வேலையைச் செய்கிறது, அதனால் வேகம் 100 கிலோவாட் அளவில் நின்றுவிடுகிறது. கணக்கு எளிது. 77 யூனிட் பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற்ற 54 யூனிட் வேண்டும். 350 கிலோவாட் சார்ஜரில் 18 நிமிடத்தில் முடியும் என்று ஹூண்டாய் சொல்லும் வேலை, இங்கே அரை மணியைத் தாண்டும். தொடக்ககால டைகானின் நிலை இன்னும் மோசம். வாங்கும்போதே கூடுதல் பணம் கட்டி வோல்டேஜை உயர்த்தும் பெரிய கன்வெர்ட்டர் போட்டிருக்காவிட்டால் 50 கிலோவாட்தான். தூண் வி4 என்பதைப் பார்த்தும் மயங்கிவிடக் கூடாது. பல இடங்களில் தூண் மட்டும்தான் புதியது, பின்னால் மின்சாரம் அனுப்பும் பெட்டி பழைய வி3.

அயோனிட்டி இந்த 800 வோல்ட் கார்களை மனதில் வைத்தே பிறந்தது. 2017-இல் பிஎம்டபிள்யூ, டைம்லர், ஃபோர்டு, ஃபோக்ஸ்வாகன் குழுமம் ஆகியவை சேர்ந்து தொடங்கின. ஹூண்டாய் பின்னால் வந்து சேர்ந்தது. முதல் நிலையம் 2018-இல் ஜெர்மனியின் ஏ61 ஆட்டோபானில், புரோல்டால் ஓய்விடத்தில் திறந்தது. ஒரு தூணுக்கு 350 கிலோவாட். கேபிள் நீளமாக இருப்பதால் வாய் எந்தப் பக்கம் இருந்தாலும் சமாளிக்கலாம். இடமும் பெரும்பாலும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கும். பிரான்சில் இது முக்கியம். டோல் சாலைக்கு உள்ளேயே ஓய்விடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். டெஸ்லாவின் பழைய நிலையங்கள் பல ஹோட்டல் வாசல்களில் இருப்பதால் டோலை விட்டு இறங்கி ஏற வேண்டிவரும்.

அயோனிட்டியின் குறை, தூண்கள் குறைவு என்பது. பழைய நிலையங்களில் நாலு, ஆறு என்றுதான் இருக்கும். அதில் ஒன்று பழுது, இரண்டில் ஆள் என்றால் கியூதான். இன்னொரு குறை விலை. 2020 ஜனவரியில் யூனிட்டுக்கு 79 சென்ட் என்று அறிவித்தபோது ஊரே திட்டியது. சந்தா இல்லாமல் போய் நின்றால் இன்றும் வலிக்கும்.

ஆனால் சந்தா இருந்தால் கதை வேறு. 2024 விலைப்பட்டியல்படி ஜெர்மனியில் அயோனிட்டியின் 'பவர்' சந்தா மாதம் 11.99 யூரோ, யூனிட் 39 சென்ட். சந்தா இல்லாதவருக்கு ஏறக்குறைய 70 சென்ட். மேலே சொன்ன அதே 54 யூனிட்டுக்கு ஒருவர் 38 யூரோ அளவு கட்டுகிறார், மற்றவர் 21. ஒரே ஒரு தடவை சார்ஜ் போட்டாலே சந்தாக் காசு திரும்பிவிடுகிறது. டெஸ்லாவிலும் மற்ற கார்களுக்கு மாதம் பத்து யூரோ அளவில் சந்தா உண்டு. கட்டினால் டெஸ்லாக்காரரின் விலையே உங்களுக்கும். டெஸ்லாவின் விலை இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால், சாயங்கால நெரிசல் விலைக்கு முன்பே போட்டுவிடுவது லாபம்.

என் தீர்ப்பு இதுதான்: 400 வோல்ட் காரென்றால் டெஸ்லா சந்தா, 800 வோல்ட் காரென்றால் அயோனிட்டி சந்தா. இரண்டையும் சேர்த்துக் கட்டுவது வீண்.

நெதர்லாந்து வழியாக அதிகம் போகிறவர் மட்டும் ஃபாஸ்ட்நெட்டை யோசிக்கலாம். மஞ்சள் கூரையும் அதன் மேல் சோலார் தகடுகளுமாகத் தூரத்திலேயே தெரியும். பெட்ரோல் பங்க் போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். பின்னால் கேரவன் இழுத்துப் போகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. முதல் தடவை ஆப்பில் ஆட்டோசார்ஜைப் பதிந்துவிட்டால் அடுத்த முறை காரை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் பழைய நிலையங்கள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. குடும்பத்தோடு போகிறவருக்கு அது சின்ன விஷயமல்ல.

ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு எஎன்பிடபிள்யூ என்ற ஜெர்மன் மின்சாரக் கம்பெனி. அங்கே மிகப் பெரிய அதிவேக சார்ஜிங் நெட்வொர்க் அதனுடையதுதான். ஏ1, ஏ2 சாலைகள் சந்திக்கும் காமன் நகரில் 2021 டிசம்பரில் திறந்த அவர்களுடைய பூங்காவில் 52 கார்கள் ஒரே நேரத்தில் சார்ஜ் போடலாம். ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஏ2 வழியே மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு வழியிலேயே வரும். திருவிழா முடிந்து திரும்பும் கூட்டத்தைத் தாங்கும் அளவும் இருக்கிறது. ஆனால் இதே எஎன்பிடபிள்யூ கார்டை வேறு கம்பெனியின் தூணில் நீட்டினால் யூனிட் 89 சென்ட் வரை போகும். ஒரே தூண், ஒரே மின்சாரம், நீட்டும் கார்டைப் பொறுத்து விலை. எல்லா இடத்திலும் செல்லும் என்று விற்கப்படும் ரோமிங் கார்டுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒன்று பர்ஸில் இருக்கட்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் எடுக்க.

வங்கிக் கார்டே போதாதா என்றால், பாதி போதும். 2024 ஏப்ரல் 13-க்குப் பிறகு வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்கள் வங்கிக் கார்டை ஏற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஎஃப்ஐஆர் சட்டம் சொல்கிறது. முக்கிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் பழையவற்றை மாற்ற 2027 வரை தவணை. ஆனால் வங்கிக் கார்டில் கட்டினால் சந்தாச் சலுகை கிடைக்காது. முன்கூட்டியே ஒரு தொகையைக் கணக்கில் முடக்கி வைத்து, பிறகு மெதுவாக விடுவிப்பதும் உண்டு. இதே சட்டம் முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் பக்கம் போகிறவருக்கு இது ஏற்கெனவே பழைய செய்தி. தென் இத்தாலியிலும் பால்கன் பக்கமும் போனால் மட்டும் அடுத்த நிலையத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் எந்த நெட்வொர்க்காக இருந்தாலும் பேட்டரி சூடாக இல்லாவிட்டால் 350 கிலோவாட் தூணிலும் 60, 70 என்றுதான் ஏறும். நிலையத்தைக் காரின் நேவிகேஷனிலேயே போட்டால் பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். போனில் கூகுள் மேப் பார்த்து ஓட்டினால் காருக்கு அது தெரியாது. 80 சதவீதம் தாண்டியதும் கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஏறுவது ஆமை வேகம். நிரம்பிய பின்னும் காரை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், டெஸ்லா நிலையம் முழுக்க நிரம்பியிருக்கும் நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு யூரோ அபராதம். சந்தா மாதாமாதம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், ஊர் திரும்பும் வழியில் கடைசி சார்ஜ் போட்ட இடத்திலேயே ஆப்பைத் திறந்து ரத்து செய்துவிடலாம். கட்டிய மாதம் முடியும்வரை சலுகை இருக்கும்.